நம் வீட்டு மூன்று டயட்டுகளும் நான் விட்டுவிட்ட ஒரு வரியும்

அன்புள்ள பாப்பா,

கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணை இன்னும் பாப்பா என்று எழுதலாமா என்று, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் உன் அம்மா கேட்கிறாள். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் நாம் இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசுகிறோம். உன் ஆபீஸ், புனே மழை, மண்டபம், பத்திரிகை எல்லாம் பேசுகிறோம். பேச வேண்டியதை மட்டும் பேசுவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவனுக்கு வாயைவிடக் கைதான் சொன்னபடி கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

போன வாரம் நீ அனுப்பிய மெசேஜை அம்மா சத்தமாக வாசித்தாள். கல்யாணச் சேலைக்கான பிளவுஸை இப்போது இருக்கும் அளவைவிட இரண்டு இஞ்ச் குறைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கறியும் முட்டையும் மட்டும்தான், வேறு எதுவும் தொடப்போவதில்லை, உன் கூட வேலை பார்க்கும் பெண் அப்படித்தான் இளைத்தாள் என்றும் எழுதியிருந்தாய். வாசித்து முடித்துவிட்டு அம்மா போனைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு இஞ்சின் ஆரம்பம் எங்கே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் உன்னைப் பார்க்க வந்தது. நல்ல மனிதர்கள். சபை, வேலை, ஊர், உறவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உன் உடம்பைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் அம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். யாரும் கேட்காமலே நான், "கல்யாணத்துக்குள்ள குறைச்சிருவா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஒரு பழைய வண்டியை விற்கிறவன் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பது போலச் சொன்னேன். நீ அடுத்த அறையில் காதில் விழும் தூரத்தில்தான் இருந்தாய். அவர்கள் பிறகு வேறு ஏதோ காரணம் சொல்லி வேண்டாம் என்று தகவல் அனுப்பினார்கள். அதைவிட, அவர்கள் கிளம்பிப் போனதும் நீ என்னிடம் கேட்டதுதான் எனக்கு மறக்கவில்லை. "எம்புட்டுக் குறைக்கணும்னு அவங்க சொன்னாங்களாப்பா, இல்ல நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" உன் நல்லதுக்குத்தான் என்று ஏதோ முனகினேன். நீ எட்டாவது படிக்கும்போது பிஸ்கட் டப்பாவை பீரோவுக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் உனக்கு எதிரிலேயே உட்கார்ந்து மிக்சர் தின்ற ஆள்தானே நான். அப்போதும் உன் நல்லதுக்குத்தான் என்றேன்.

மறுநாள் காலையில் நீ இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாய். இனிமேல் கீட்டோ என்றாய். எங்களுக்கு அந்த வார்த்தையே புதிது. மாவுச்சத்தை ஒரு நாளைக்கு இரண்டு இட்லியில் இருக்கிற அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு, உடம்பைக் கொழுப்பில் ஓடப் பழக்குவது என்று நீ போனைக் காட்டி விளக்கினாய். சோறு, இட்லி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் போயின. முட்டை, வெண்ணெய், சீஸ், கோழி, காலிஃபிளவர் வந்தன. முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ இறங்கியது. நீ சந்தோஷமாக எடை மெஷினிலிருந்து இறங்கிவந்தாய். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், உடம்பு சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து கரையும்போது அதோடு சேர்ந்து நீரும் வெளியேறும் என்பது நமக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஆறாவது வாரத்தில் முள் நகராமல் நின்றபோது நீ அம்புட்டு அழுதிருக்க மாட்டாய்.

உனக்குத் துணையாக நானும் தொடங்குகிறேன் என்று சொன்னேன். உண்மையில் துணைக்காக இல்லை. நீ என்னோடு பேசவில்லை. ஒரே சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் சோறில்லாமல் உட்கார்ந்தால் பேச்சு வரும் என்று நினைத்தேன். எனக்கும் வயிறு முன்னால் வந்திருந்தது, சுகர் எல்லைக்கோட்டில் நின்றது. ஆபீசில் ஒருவர் சொன்ன பேலியோவை நான் எடுத்துக்கொண்டேன். தானியம், பருப்பு, சர்க்கரை மூன்றும் கிடையாது. காலையில் பாதாமும் வெண்ணெய் போட்ட டீயும், மத்தியானம் தேங்காய் போட்ட காய்கறி, சாயங்காலம் முட்டையோ மீனோ. உன் கீட்டோவோடு ஒப்பிட்டால் என்னுடையதில் காய்க்கு இவ்வளவுதான் என்ற கணக்கில்லை, கொஞ்சம் பழமும் உண்டு. ஆனால் பருப்பு போனது எனக்குப் பெரிய அடி. சாம்பார் இல்லாமல் நான் எப்படி நாலு மாசம் இருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

உன் அம்மா இரண்டிலும் சேரவில்லை. "எனக்கு வேல இருக்கு" என்றாள். ஆனால் அவளும் ஒன்று செய்தாள், யாரிடமும் சொல்லாமல். மூன்று கரண்டி சோறு போடும் இடத்தில் ஒன்றரைக் கரண்டி போட்டாள். முதலில் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தாள். காபிக்குச் சீனியை விட்டாள். ராத்திரி ஒரு தோசை, தொட்டுக்கொள்ள சட்னிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல். அதற்குப் பெயர் கிடையாது, போனில் ஆப் கிடையாது. ஒரே அடுப்பில் மூன்று விதமாகச் சமைத்துக்கொண்டே, இது வீடா மெஸ்ஸா என்று கேட்பாள். நீ பத்து வாரத்தில் ஏழு கிலோ குறைந்தாய். நான் நாலு மாசத்தில் எட்டு. அம்மா மாசத்துக்கு ஒரு கிலோகூட இல்லை. நானும் நீயும் அவளைப் பார்த்துச் சிரித்தோம். அந்த வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உன் கீட்டோ எப்படி முடிந்தது என்று நீ என்னிடம் சொன்னதில்லை. உன் சிநேகிதி சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். சபைப் பாடகர் குழுவோடு கீழக்குயில்குடிக்குப் போயிருந்தீர்கள். சமணர் மலையில் பாதிப் படி ஏறியதும் உனக்குத் தலை சுற்றியிருக்கிறது. பாறையில் உட்கார்ந்துவிட்டாய். மற்றவர்கள் மேலே போய்விட்டு வரும் வரை அங்கேயே இருந்திருக்கிறாய். கீழே வந்து அந்தப் பெண்ணின் டிபன் பாக்சிலிருந்த எலுமிச்சைச் சாதத்தை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதற்காக அழுதிருக்கிறாய். உப்பும் தண்ணீரும் போதாமல்தான் அந்தத் தலைசுற்றல் வந்திருக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். கண்காணிக்க ஆள் இருந்திருந்தால் சரிசெய்திருக்கலாமாம். உனக்கு அப்படி யாரும் இல்லை. ஒரே வீட்டில் இருந்த அப்பன் வேறு வேலையில் இருந்தான். குறைந்த ஏழும் அடுத்த ஐந்து மாசத்தில் திரும்பி வந்தது. கீட்டோ கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. என் மேல் இருந்த கோபத்தில் நீ அதைத் தொடங்கினாய். கோபம் எத்தனை நாளைக்குச் சோற்றுக்குப் பதிலாக நிற்கும்?

நான் எந்த வேலையில் இருந்தேன் என்று இப்போது சொல்கிறேன். இதுவரை உனக்குச் சொல்லாதது இது. எட்டு கிலோ குறைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேன்ட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அரிசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல ஆரம்பித்தேன். சபையில் அசனம் நடந்ததே, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்களே, அன்று சோற்றை வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, கறியை மட்டும் வாங்கிக்கொண்டு, பந்தி முழுக்கப் பேசினேன். பாஸ்டரைவிட நான்தான் அன்று அதிகம் பிரசங்கம் பண்ணினேன் என்று உன் அம்மா சொல்வாள். கேட்டவர்களுக்குக் கொடுப்பதற்காக, நான் பின்பற்றிய முறையை என் கையெழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். எனக்கு வந்த அசல் தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது என்ற வரி. பக்கத்தின் அடியில் இடம் போதவில்லை. அதை எழுதினால் இரண்டாவது பக்கம் போகும், கட்டம் அழகாக வராது. விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை பாப்பா, தெரிந்துதான் விட்டேன்.

முதல் பிரதியைப் பாண்டி மாமாவுக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அவன் பி.டி. மாஸ்டர், நான் கிளார்க், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். சர்வீஸ் முழுக்க மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவன் பத்து வருஷமாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறான். அது எனக்குத் தெரியும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள, ஓன் வயித்தப் பாத்தா நம்பலாம் போலத்தான் இருக்கு" என்றான். மறுநாளே தொடங்கிவிட்டான். மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டான்.

பத்து நாள் போயிருக்கும். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் இரண்டு பேரும் நடப்போம், உனக்குத் தெரியும். அன்று இரண்டாவது சுற்றில் பாண்டி கோணலாக நடந்தான். என்னடா என்று கேட்டதற்கு என்னைத் திட்டினான். மார்கழிக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "யாருடா நீ?" என்று கேட்டான். முப்பது வருஷப் பழக்கமுள்ள மனிதன் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டான். கேட்டுவிட்டு அப்படியே சரிந்தான். கல் விளிம்பில் நெற்றி பட்டு ரத்தம் வந்தது. நான் மாரடைப்பு என்று நினைத்து அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஓரமாகப் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். சுகர் மாத்திரை போடுவாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காலையில் என்ன சாப்பிட்டார் என்றாள். வெண்ணெய் டீ என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் என்னைக் கேட்காமல் பருத்திப்பாலுக்கு வைத்திருந்த வெல்லப்பாகைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, மிடறு மிடறாகக் குடிக்க வைத்தாள். "ஆளு முழிச்சிருக்காரு, முழுங்குறாரு, அதான் குடுக்குறேன். சுத்தமா மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாதுண்ணே, தூக்கிட்டு ஓடணும்" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கும் இப்படி வந்திருக்கிறதாம். கால் மணி நேரத்தில் பாண்டிக்குக் கண் தெளிந்தது. ரத்தத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ள, விழுந்துட்டேனா?" என்றான். என் துண்டை அவன் நெற்றியில் வைத்து அழுத்தினேன்.

ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெற்றியில் ஐந்து தையல். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்ததாகச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் உன் வயதுக்காரியான ஒரு டாக்டர். சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா, யாராவது டயட் சொன்னார்களா என்று கேட்டார். பாண்டியின் மனைவி ராணியும் அதற்குள் வந்துவிட்டாள். பாண்டி என் பக்கம் திரும்பாமல், "அதெல்லாம் இல்லம்மா, காலையில சாப்புட மறந்துட்டேன்" என்றான். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் அது. அவன் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு அவன் பொய் சொல்கிறான், நான் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால் அந்த நிமிஷத்தைத்தான் சொல்வேன்.

ஒரு வாரம் தாங்கினேன். எட்டாவது நாள் அவன் வீட்டுக்குப் போனேன். ராணி முன்னால் உட்கார்ந்து, அந்தத் தாளைக் கொடுத்தது நான், அதில் ஒரு வரியைத் தெரிந்தே விட்டதும் நான் என்று சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தத் தாளு எனக்குத் தெரியும்ணே. பிரிட்ஜ் மேல ஒட்டுனதே நாந்தான். நீங்களா வந்து சொல்லுவீகளான்னுதான் இந்த ஒரு வாரமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இன்னும் எத்தன பேருகிட்ட இருக்கு அது?"

பாப்பா, அதுவரை நான் என் குற்ற உணர்ச்சியை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி அப்போதுதான் எனக்கே உறைத்தது. அன்றே ஸ்கூட்டரை எடுத்தேன். நினைவிலிருந்து பதினாலு பெயரை எழுதிக்கொண்டு அவனியாபுரத்திலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் கொடுத்த தாளில் ஒரு வரி இல்லை, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அதை அன்றே தூக்கிப் போட்டுவிட்டோம் சார் என்றார்கள். ஒருவர் வீட்டில் அவருடைய மாமனார் தொடங்கியிருந்தார், அவர் இன்சுலின் போடுகிறவர். மறுநாளே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மூன்று நாளில் பன்னிரண்டு தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். நீ அப்போது புனேக்கு மாற்றலாகிப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாய். அப்பா ஏன் வெயிலில் அலைகிறார் என்று அம்மாவிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

நல்ல சேதியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். பாண்டியையும் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரிடமே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கண்டிப்பார் என்று நினைத்தேன். பாண்டியின் பழைய சீட்டையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "மாவுச்சத்தக் குறைச்சது தப்பில்ல சார். இந்த மாத்திரை உங்க பழைய சாப்பாட்டுக்கு அளந்து குடுத்தது. சாப்பாட்ட மாத்தும்போது இதையும் மாத்தணும், அம்புட்டுதான்" என்றார். மாத்திரையைப் பாதியாக்கினார். வாரம் இரண்டு தடவை விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். சோறு மத்தியானம் ஒரு கப், இரண்டு வேளை பருப்போ முட்டையோ மீனோ, தட்டில் பாதி காய் என்று எழுதிக்கொடுத்தார். பாண்டி இப்போது ஒன்பது கிலோ குறைந்து, முன்னைவிடக் குறைந்த மாத்திரையில், விசில் ஊதாத குறையாக என்னை விரட்டிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றுகிறான். என்னையும் பரிசோதித்தார்கள். என் சுகர் நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது. எல்லாருக்கும் அப்படி ஆகாது, உங்களுக்கு அந்த வெண்ணெய் டீ ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வெண்ணெய் டீயை விட்டேன். சாம்பாருக்குத் திரும்பினேன். எட்டில் மூன்று கிலோ திரும்பி வந்தது, ஐந்து வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து மறுபடி பரிசோதனைக்குப் போனபோது, எது சிறந்தது என்று நானும் அவரிடம் கேட்டேன், கிளார்க் புத்தி, ஒரு வரிசை எண் வேண்டும் எனக்கு. கீட்டோ, பேலியோ, பிறகு அமெரிக்காவில் புகழ்பெற்ற இன்னொன்று இருக்கிறதாமே, முதலில் அடியோடு நிறுத்திவிட்டு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போவது, இவற்றில் எது என்று கேட்டேன். முதல் சில மாதங்களில் கண்டிப்பான முறைகளில் எடை வேகமாக இறங்கும், வருஷம் போகப் போக எல்லாமே கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடும் என்றார். "எத நீங்க அலுக்காம சாப்புட்டுக்கிட்டே இருப்பீங்களோ, அதான் சார் நல்ல டயட்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மாசம் ஒரு கிலோகூட இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தவள் அப்போது பதினொரு கிலோவைக் கடந்திருந்தாள். சிரிக்கவெல்லாம் இல்லை. கொத்தவரங்காயை என் பக்கம் தள்ளி நறுக்கச் சொன்னாள்.

இனி உன் விஷயம். உன் உடம்பைக் குறைக்காதே என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் உன் ரிப்போர்ட்டிலும் சுகர் எல்லைக்கோட்டில் நின்றது என்று அம்மா சொன்னாள். நம் வீட்டு ரத்தம் அப்படி. சோற்றைக் குறைப்பது உனக்கு நல்லதுதான். ஆனால் கறியும் முட்டையும் மட்டும் என்பது நாம் செய்த எல்லாவற்றையும்விட ஒரு படி தள்ளிப்போவது. காய் இல்லை, கீரை இல்லை, பருப்பு இல்லை. நார்ச்சத்து எங்கிருந்து வரும்? வயிறு அடைத்துக்கொண்டு எரிச்சலோடு மணவறைக்கு வருவாய். நீ எந்த முறையை எடுத்தாலும் சரி, அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு டாக்டரும் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு நினைத்தால் கீட்டோ மாதிரியானவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்பதை எழுதச் சொன்னது அம்மா, நானில்லை. நான் விட்டுவிட்ட அந்த வரியை இந்தக் கடிதத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதத் தயார். இங்கே இடம் இருக்கிறது.

பிளவுஸ் விஷயத்தில் நான் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். தையல் அக்காவிடம் நானே போய், இப்போது இருக்கும் அளவுக்கே தைக்கச் சொன்னேன். இளைத்தால் கடைசி வாரத்தில் அரை மணி நேரத்தில் பிடித்துத் தந்துவிடுவேன் என்றாள். துணி உன் உடம்பு அளவுக்கு வரட்டும், உடம்பு துணி அளவுக்கு வர வேண்டியதில்லை. இது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அவளுக்குப் போன் பண்ணி மாற்றிக்கொள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை ஜோயலின் அத்தை ஒருத்தர் அம்மாவிடம், பொண்ணு கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சா நல்லாயிருக்கும் என்றார். நீ போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். இந்தத் தடவை சரியாகப் பேச வேண்டும் என்று நான் மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா, "அது அவ உடம்புங்க, அவதான் முடிவு பண்ணணும். பாயசம் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாளும் சரி என்று கிண்ணத்தை நீட்டினார். இவ்வளவு எளிதாக முடிந்திருக்க வேண்டிய ஒரு பேச்சை அன்றைக்கு நான் என்னவாக ஆக்கினேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜோயல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நீங்கள் இரண்டு பேரும் புனேயில் ஆபீஸ் முடிந்து தினம் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள், நடக்கும்போதுதான் நீ அதிகமாகச் சிரிக்கிறாய் என்று சொன்னான். இந்தப் பையன் போதும் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

அன்று அந்த விருதுநகர்க்காரர்கள் முன்னால் நான் சொன்னது தப்பு. உன் நல்லதுக்காகச் சொல்லவில்லை. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற என் பயத்துக்காகச் சொன்னேன். ராணியிடம் ஒரு வாரத்தில் சொல்ல முடிந்ததை உன்னிடம் சொல்ல இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நீ மன்னிக்கிறாயா என்று கேட்க மாட்டேன், அப்படிக் கேட்டால் நீ சரி என்றுதான் சொல்வாய். இதற்குப் பதில் எழுதவும் வேண்டாம். படித்து முடித்த பிறகு என்றைக்காவது ஒருநாள் போன் பண்ணி, நேரே என்னிடம், "சாப்டீங்களாப்பா" என்று கேள். இரண்டு வருஷமாக நீ அதை அம்மாவிடம் மட்டும்தான் கேட்கிறாய். என்ன சாப்பிட்டேன், எம்புட்டுச் சாப்பிட்டேன் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

உன் பதிலுக்கு இல்லை, உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா